இல்லத்தில் சூரிய மின்சாரம்: பாதுகாப்பாக அமைப்பது எப்படி?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அன்பர்களுக்கு இஞ்சின் கொட்டகை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கூலிம் வட்டாரத்தில் நாங்கள் குடியிருந்த தோட்டத்தில் மாலை ஆறரைக்கு அந்த இஞ்சின் உறுமத் தொடங்கும். லயங்களில் விளக்கு எரியும். இரவு பத்து மணிக்குச் சற்று முன்னர் விளக்குகள் ஒருமுறை மங்கி எழும். அதுவே எச்சரிக்கை. பாடம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் புத்தகத்தை மூட வேண்டும்; அதன் பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான்.

கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியைக் கார் பேட்டரியில் ஓட்டிய குடும்பங்களும் அங்கே உண்டு. தமிழ்ப் படம் போடும் நாளுக்கு முதல் நாளே என் தந்தையார் பேட்டரியைச் சைக்கிளின் பின்னால் கட்டிப் பாடாங் செராய் டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டு வருவார். கதாநாயகன் வில்லனைத் துரத்தும் கட்டத்தில் படம் சுருங்கிக்கொண்டே வந்து மறைந்துவிட்டால், பேட்டரி இறங்கிவிட்டது என்று பொருள். லயமே பெருமூச்சு விடும்.

ஆகவே பேட்டரியைக் கொண்டு வீட்டை நடத்துவது நம் மக்களுக்குப் புதிய சங்கதி அன்று. அதை நிரப்ப டவுனுக்குப் போக வேண்டாம், கூரைக்கு மேலே காயும் வெயிலே போதும் என்பதுதான் புதிது. இதில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்களும் அல்லர். சூரியத் தகடு செய்யும் உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஃபர்ஸ்ட் சோலார், 2008ஆம் ஆண்டு முதல் நம் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் தகடுகளைச் செய்து கடல் கடந்து அனுப்பிவருகிறது. குருணிலும் புக்கிட் செலம்பாவ் பக்கத்திலும் ஏக்கர் ஏக்கராகச் சூரியப் பண்ணைகள் எழுந்துள்ளன. தீபகற்பத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் கெடாவும் பெர்லிசும் நாட்டிலேயே நல்ல வெயில் பெறும் மாநிலங்கள். நாளொன்றுக்குச் சராசரியாக நாலரை முதல் ஐந்து மணி நேர உச்சி வெயிலுக்குச் சமமான ஒளி நமக்குக் கிடைக்கிறது.

"தெனாகா மின்சாரம் வீட்டு வாசல்வரை இருக்கும்போது இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். 1992 செப்டம்பர் 29இலும் 1996 ஆகஸ்ட் 3இலும் தீபகற்பம் முழுவதுமே இருண்டதை நடுவயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய பேரிருள் அரிதுதான். ஆனால் இடிமழையில் மரம் விழுந்து கம்பி அறுவதும், வெள்ளம் வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிடுவதும் அரிதல்ல. 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மலையிலிருந்து யான் பக்கம் இறங்கிய வெள்ளத்தையும், 2022 ஜூலை 4 அன்று பாலிங்கில் உயிர்களைக் கொண்டுபோன வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு ஓர் இரவு விளக்கின் அருமை தெரியும். வீட்டில் மூச்சிரைப்பு உள்ள முதியவர் இருந்து, நெபுலைசர் கருவிக்கு மின்சாரம் இல்லாத இரவாக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். என் தாயாரை வைத்துக்கொண்டு அப்படி ஓர் இரவைக் கழித்தவன் நான்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். 2016 நவம்பரில் தொடங்கி 2025 ஜூன் வரை நடந்த நிகர அளவீட்டுத் திட்டத்தின் கீழ்ப் பலர் தாமான் வீடுகளின் கூரையில் தகடு பொருத்தி, பில்லைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களில் சிலர், "கூரை நிறைய சோலார் இருந்தும் கரண்ட் போனால் என் வீடும் இருட்டாகிவிடுகிறதே, ஏமாற்றிவிட்டார்களா?" என்று என்னிடம் வருத்தப்பட்டதுண்டு. ஏமாற்று இல்லை. தெனாகா கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால், "லைன் செத்துவிட்டது" என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்கு ஆபத்து. இருட்டில் விளக்கு வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும். இக்கட்டுரை பேட்டரியோடு கூடிய சிறிய அமைப்பைப் பற்றியது.

அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நான் முப்பது ஆண்டுகள் வயரிங் வேலையில் இருந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா வீட்டில், கடையில் வாங்கிய ஒரு செட்டை மாட்டியிருந்தார்கள். பேட்டரி பின்கட்டில், அங்கிருந்து ஒல்லியான சிவப்பு, கறுப்பு வயர் இரண்டும் பலகைச் சுவரில் ஆணியடித்து அடுப்படிவரை ஓடின. பேட்டரி முனையில் ஃபியூஸ் இல்லை. "அத்தான், இதற்கு ஒரு ஃபியூஸ் போட வேண்டுமே" என்றேன். "பன்னிரண்டு வோல்ட்தானே தம்பி, கையால் பிடித்தாலும் ஒன்றும் செய்யாதே" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அடுத்த வாரம் வந்து பார்க்கலாம் என்று நானும் விட்டுவிட்டேன். அது என் குற்றம்.

அந்த அடுத்த வாரத்திற்குள் எலி ஒன்று வயரைக் கடித்து, இரண்டு செம்புக் கம்பிகளும் ஒட்டிக்கொண்டன. நள்ளிரவில் புகை நாற்றம். வயரின் தோல் உருகி ஒழுகுகிறது. கம்பி பழுத்த சிவப்பாக இருக்கிறது. பலகை கருகத் தொடங்கிவிட்டது. அத்தான் ஓடிப்போய் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கினார். நிற்கவில்லை. எப்படி நிற்கும்? நெருப்புக்குத் தீனி போட்டது தெனாகா அல்லவே, பின்கட்டில் இருந்த பேட்டரி! கடைசியில் ஈரமில்லாத சாக்குத் துணியால் பேட்டரி முனையைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினார். உள்ளங்கை வெந்து, இரண்டு வாரம் கட்டோடு இருந்தார். வீடு தப்பியது.

பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் சுடும். வோல்ட் குறைவாக இருக்கும்போது அதே வேலையைச் செய்ய ஆம்பியர் அதிகமாக ஓட வேண்டும். வயரைக் கொதிக்க வைப்பது ஆம்பியர். தெனாகாவின் 230 வோல்ட்டில் 600 வாட் சாதனம் மூன்று ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். அதே 600 வாட்டைப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால் 50 ஆம்பியர். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 60 ஆம்பியரை நெருங்கும். இரு முனைகளும் நேரடியாகத் தொட்டுக்கொண்டாலோ, 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கக்கும். ஸ்பேனரைக் கைதவறிப் பேட்டரியின் மேல் போட்ட மெக்கானிக்குகளைக் கேட்டுப் பாருங்கள். ஸ்பேனர் ஒட்டிக்கொண்டு உருகிய கதையைச் சொல்வார்கள். பேட்டரி வேலைக்குப் போகும்போது மோதிரம், கைக்கடிகாரம், காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைப்பது இதனால்தான்.

இனி, எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு. "வீடு முழுக்க ஓட வேண்டும்" என்று தொடங்குகிறவர்களே பெரும்பாலும் பணத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் 2011இல் அறிவிக்கப்பட்ட சூரிய ஒளிப் பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடொன்றுக்கு ஐந்து விளக்குகள் மட்டுமே சூரிய ஒளியில் எரியும்படி அமைத்தார்கள். அளவறிந்து செய்த ஏற்பாடு அது. நாமும் இருட்டில் எது இல்லாவிட்டால் கஷ்டம் என்று கேட்டு, அதை மட்டும் எழுதிக்கொள்வோம்.

9 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று, ஐந்து மணி நேரம்: 135 வாட்-மணி. பன்னிரண்டு வோல்ட்டில் நேரடியாக ஓடும் 20 வாட் மின்விசிறி ஒன்று, எட்டு மணி நேரம்: 160. கைத்தொலைபேசிகளுக்கு 50. நெபுலைசர் 150 வாட் என்று வைத்து, கால் மணி நேரம் வீதம் இரண்டு தடவை: 75. ஆக மொத்தம் 420. வயரிலும் இன்வெர்ட்டரிலும் வீணாவதற்கு இடம் விட்டால் ஏறத்தாழ 525 வாட்-மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்தால் அதன் ஆயுள் விரைவில் முடியும். ஆகவே இதன் இரட்டிப்பு, அதாவது 1,050 தேவை. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி 1,200 வாட்-மணி கொள்ளும், சரியாகப் போயிற்று. அதை நிரப்ப 200 வாட் தகடு ஒன்று போதும். நாலு மணி நேர நல்ல வெயிலில் 800. சூட்டுக்கும் தூசுக்கும் பத்தில் மூன்று பங்கு கழித்தால் 560 வந்து சேரும். இரண்டு நாள் தொடர்ந்து மூட்டமாக இருந்தால் மின்விசிறியைத் தியாகம் செய்ய வேண்டியதுதான்.

குளிர்சாதனப் பெட்டி, அரிசி வேகவைக்கும் குக்கர், சுடுநீர்க் கருவி ஆகியவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஆக்சிஜன் செறிவூட்டும் கருவியில் இருக்கும் நோயாளி என்றால் அது வேறு கதை. அக்கருவி 300 வாட்டுக்கு மேலும் இழுக்கக்கூடும். இரவு முழுக்க ஓட இந்தச் சிறிய அமைப்பு தாங்காது. அவர்கள் மருத்துவரைக் கலந்து ஆக்சிஜன் சிலிண்டரைக் கைவசம் வைத்திருப்பதே தக்க வழி.

பேட்டரியில் இரு வகை பேசப்படுகிறது. ஈய அமில வகை விலை குறைவு, கனம் அதிகம், ஆயுள் சில ஆண்டுகள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை விலை கூடுதல். ஆனால் கொள்ளளவில் பத்தில் எட்டுப் பங்கைத் தாராளமாக எடுக்கலாம், ஆயிரக்கணக்கான தடவை நிரப்பி இறக்கலாம். லித்தியம் வகைகளில் இதுவே எளிதில் தீப்பற்றாதது. உள்ளே காவல் மின்சுற்று உள்ளதாகவும், பெயரும் உத்தரவாதமும் உள்ள நிறுவனத்தினுடையதாகவும் வாங்குங்கள். பழைய மடிக்கணினி செல்களைப் பொறுக்கிக் கட்டிய பேட்டரி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால், வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

எங்கே வைப்பது? நம் வீடுகளில் இதுவே சிக்கல். சுத்தமாக இருக்கிறது, பிள்ளைகள் கை வைக்க மாட்டார்கள் என்று எண்ணிப் பூஜை அறையின் கீழ்த்தட்டில் பேட்டரியை வைத்திருந்த வீடுகளை நானே கண்டிருக்கிறேன். அன்பர்களே, அது கூடவே கூடாது. ஈய அமில பேட்டரி நிரம்பும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகிறது. மணமில்லை, நிறமில்லை, காற்றைவிட இலேசானதால் மேலே போய்த் தங்கும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். காமாட்சி விளக்கும் கற்பூரமும் ஊதுபத்தியும் உள்ள கதவடைத்த சிற்றறை அதற்கு ஏற்ற இடமா? படுக்கை அறையும் வேண்டாம், அடுப்படியும் வேண்டாம், வெயிலில் கொதிக்கும் தகரக் கூரையை ஒட்டிய பரணும் வேண்டாம். 25 பாகை வெப்பத்துக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். காற்றோட்டமுள்ள, நிழலான பின்கட்டில், வெள்ளம் ஏறாத உயரத்தில், கனம் தாங்கும் மேடை கட்டி வையுங்கள். முனைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய லித்தியம் பேட்டரி காய்ந்த பிறகு நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் மறுபடி மாட்டக் கூடாது.

ஃபியூஸ் எங்கே என்பதை அக்கா வீடு கற்பித்துவிட்டது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், வேறு எதற்கும் முன்னால். அது சாதனத்தைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. ஆகவே சாதனம் இழுப்பதைவிடச் சற்று அதிகமாகவும், வயர் தாங்குவதைவிடக் குறைவாகவும் அதன் அளவு இருக்க வேண்டும். நம் கணக்கில் வரும் 300 வாட் இன்வெர்ட்டருக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் 40 ஆம்பியர் ஃபியூஸும் பொருந்தும். விளக்குக் கிளைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், தனியே 5 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது என்று பெரிய அளவுக்கு மாற்றுவதும், அதைவிட மோசமாக சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைப்பதும் நம்மவர்களின் பழைய பழக்கம். ஃபியூஸ் போனால் காரணத்தைத் தேடுங்கள்.

வீட்டுப் பெட்டியில் இருக்கும் சாதாரண பிரேக்கரையே இதற்கும் போட்டுவிடலாமா என்றால், கூடாது. தெனாகாவின் மாறு மின்னோட்டம் நொடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொட்டுத் திரும்புகிறது. சுவிட்சைத் திறந்ததும் எழும் பொறி அந்த இடைவெளியில் தானே அணையும். பேட்டரியும் தகடும் தருவது நேர் மின்னோட்டம். அதற்கு அந்த இடைவெளியே கிடையாது. பொறி நீண்டு நின்று எரியும். ஆதலால் நேர் மின்னோட்டத்துக்கு என்று எழுதியுள்ள பிரேக்கரும் சுவிட்சும்தான் வேண்டும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாமல், வயர் முனையில் லக் வைத்து அழுத்தித் திருகுங்கள். தளர்ந்த இணைப்பே பாதி விபத்துகளுக்குத் தாய்.

கூரைக்குப் போவோம். பழைய தோட்ட வீடுகளிலும் ஆரம்பகாலத் தாமான்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இன்னும் உண்டு. அதைத் துளையிடாதீர்கள், மேலே ஏறவும் செய்யாதீர்கள். தூசு நுரையீரலுக்குக் கேடு, ஓடு கால் வைத்தால் உடையும். அப்படிப்பட்ட வீட்டில் தகட்டை முற்றத்தில் இரும்புக் கால் நட்டு நிறுத்துவதே நல்லது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகைக்குள் இருப்பதால் தெற்கு நோக்கிப் பத்துப் பாகைச் சரிவு போதும். மழை அழுக்கைக் கழுவிக்கொண்டு போகவே அந்தச் சரிவு. தென்னங்கீற்றின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி பெருமளவு குறையும். தகட்டின் உலோகச் சட்டத்துக்கு மண்ணிணைப்புக் கொடுங்கள். இடி மிகுந்த நாடு இது.

தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜ் கண்ட்ரோலர் இருந்தே ஆகவேண்டும். 200 வாட் தகட்டுக்கு 20 ஆம்பியர் உள்ளதை எடுங்கள். உங்கள் பேட்டரி எந்த வகையோ அதற்கேற்ப அதில் அமைத்துக்கொள்ளுங்கள். முதலில் பேட்டரியை இணைத்து, பிறகு தகட்டை இணைக்க வேண்டும். கழற்றும்போது தகடு முதலில், பேட்டரி கடைசியில். மாற்றிச் செய்தால் கண்ட்ரோலர் கெட்டுப்போகலாம். வீட்டுக்கூரைக்கென வரும் பெரிய தகடுகள் 40 வோல்ட்டுக்கு மேல் தருபவை. அவை எல்லாக் கண்ட்ரோலருக்கும் ஒத்துவராது. அட்டையில் உள்ள வோல்ட் எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இன்வெர்ட்டர் பன்னிரண்டு வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றித் தரும். இங்கேதான் பயம் திரும்பி வருகிறது. அது தரும் 230 வோல்ட், தெனாகாவின் 230 வோல்ட்டைப் போலவே கொல்லும். சுத்தமான சைன் அலை தரும் வகையை வாங்கி, நெபுலைசரை அதன் சாக்கெட்டிலேயே நேரடியாகச் சொருகுங்கள். இரண்டு பக்கமும் பிளக் உள்ள வயர் ஒன்று செய்து, இன்வெர்ட்டரையோ ஜெனரேட்டரையோ சுவர்ச் சாக்கெட்டில் சொருகி வீட்டுக்கே மின்சாரம் ஏற்றும் "கெட்டிக்காரத்தனம்" சில இடங்களில் நடக்கிறது. அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போகும். தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாகப் புகுந்தால் 11,000 வோல்ட்டாகக்கூட எழலாம். மழையில் நனைந்துகொண்டு நமக்காகக் கம்பியைச் சரிசெய்யும் ஊழியர் அந்த முனையில் இருப்பார். வீட்டு வயரிங்கோடு இணைத்தே தீரவேண்டுமானால், ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் சேர முடியாத மாற்றுச் சுவிட்சை, எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டு பொருத்துங்கள். என்னைக் கேட்டால், விளக்குக்கும் விசிறிக்கும் தனியே பன்னிரண்டு வோல்ட் வயர் இழுத்து, வீட்டு வயரிங்கைத் தொடாமல் விடுவதே உத்தமம். அக்கா வீட்டில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. ஃபியூஸை அத்தானே தேடிப்பிடித்து வாங்கி வந்தார்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு பார்வையிடலாம். விளக்கெல்லாம் அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால், நிறைந்த ஈய அமில பேட்டரி 12.7 வோல்ட்டும், பாதி இறங்கியது 12.2 வோல்ட்டும் காட்டும். தண்ணீர் ஊற்றும் வகையானால் வடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அவசியம். இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் தளர்ந்திருக்கிறது. எலி கடித்த தடம் உண்டா என்று வயரை முழு நீளத்துக்கும் பாருங்கள். பேட்டரி உப்பினாலோ, புகைந்தாலோ, சீறினாலோ கிட்டே போய் ஆராய வேண்டாம். முதியவர்களையும் பிள்ளைகளையும் வெளியே அழைத்துவந்து 999ஐ அழையுங்கள்.

ஓய்ந்துபோன பேட்டரியைப் புதரில் வீசாதீர்கள். ஈயமும் அமிலமும் கிணற்றுக்கும் ஓடைக்கும் இறங்கும். பழைய ஈய பேட்டரியைக் கார்ப் பட்டறைகள் எடைக்கு வாங்கிக்கொள்ளும். புதியது வாங்கும் அன்றே பழையதைக் கொண்டுபோனால் சில வெள்ளி விலையிலும் குறைப்பார்கள்.